பீர் வாங்க 21, துப்பாக்கி வாங்க 18: அமெரிக்காவில் எது சுலபம்?

கேள்வி: அமெரிக்காவில் பீர் வாங்குவதைவிடத் துப்பாக்கி வாங்குவது சுலபம் என்று சொல்கிறார்களே, நிஜமா? 18 வயதுப் பையனுக்குத் துப்பாக்கி விற்பார்களாம், பீர் விற்க மாட்டார்களாமே?

இரண்டாவது கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் ஆமாம். முதல் கேள்விக்கு அப்படி ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. நீங்கள் யார், எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள், அன்றைக்கு என்ன கிழமை என்பதையெல்லாம் பார்க்க வேண்டும்.

கிழமை என்று சொன்னது விளையாட்டுக்கு இல்லை. நான் இருப்பது டெக்சாஸ். இங்கே விஸ்கி, ரம் விற்கும் கடைகள் திங்கள் முதல் சனி வரை காலை 10 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திறக்கவே கூடாது. பீரும் வைனும் ஞாயிறன்று காலை 10 மணியிலிருந்து கிடைக்கும்; 2021 வரை மதியம் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துப்பாக்கிக் கடைக்கு இப்படிக் கிழமைக் கணக்கு எதுவும் கிடையாது. ஆகவே ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு டெக்சாஸில் எது சுலபம் என்று கேட்டால், கடை திறந்திருந்தால் துப்பாக்கிதான்.

இன்னொரு வேடிக்கை வால்மார்ட். இங்குள்ள பல வால்மார்ட் கடைகளில் விளையாட்டுச் சாமான் பிரிவில், பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் ரைஃபிளும் ஷாட்கன்னும் வரிசையாக நிற்கும். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் பீர், இன்னும் கொஞ்சம் நடந்தால் வைன். விஸ்கி மட்டும் கடை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பங்குச்சந்தையில் பங்கு விற்கும் நிறுவனம் விஸ்கி விற்கும் கடைக்கு உரிமம் வாங்க முடியாது என்பது டெக்சாஸ் சட்டம். வால்மார்ட் 2015-ல் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் இழுத்தும் அந்த விதியை அசைக்க முடியவில்லை. உலகத்திலேயே பெரிய சில்லறை வியாபாரிக்கு ஒரு குவார்ட்டர் விஸ்கி விற்க அனுமதி இல்லை, துப்பாக்கி விற்க அனுமதி உண்டு. இந்தப் படத்தை மட்டும் எடுத்துக்காட்டினால் நீங்கள் கேள்விப்பட்டது அப்படியே உண்மை.

ஆனால் பாதிப் படத்தைத்தான் இது காட்டுகிறது. அமெரிக்காவில் மதுச் சட்டம் பார்ப்பது கடையை. துப்பாக்கிச் சட்டம் பார்ப்பது வாங்க வருகிற ஆளை. இரண்டும் வேறு வேறு இடத்தில் பூட்டுப் போடுகின்றன. அதனால்தான் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோமோ அதைப் பொறுத்து ஒன்று கடுமையாகவும் மற்றது தளர்வாகவும் தெரிகிறது.

மதுக்கடைப் பக்கத்தை முதலில் பார்ப்போம். மதுவிலக்கு 1920 ஜனவரியில் தொடங்கி 1933 டிசம்பர் 5 அன்று முடிந்தது. அதை முடித்துவைத்த அரசியல் சாசனத்தின் 21-ஆம் திருத்தம், குடிக்கும் உரிமை என்று எதையும் யாருக்கும் கொடுக்கவில்லை. மதுவை என்ன செய்வது என்பதை மாநிலங்களின் கையில் விட்டுவிட்டது. மாநிலங்களும் ஆளுக்கொரு விதமாக விளையாடியிருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் தயாரிப்பவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று மூன்று அடுக்கு. ஒருவர் இன்னொருவரின் அடுக்கில் கால் வைக்கக் கூடாது. மதுவிலக்குக்கு முன்பு பீர்க் கம்பெனிகளே பார்களைச் சொந்தமாக வைத்துக்கொண்டு குடிக்கத் தூண்டிய கதை திரும்ப வரக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. 17 மாநிலங்களில் மொத்த வியாபாரத்திலோ சில்லறையிலோ அரசே இறங்கியிருக்கிறது. பென்சில்வேனியாவுக்குப் போனால் நம்மவர்களுக்கு வீட்டு ஞாபகம் வரும்: அங்கே விஸ்கி, பிராந்தி பாட்டில் விற்பது அரசு வாரியத்தின் கடைகள். டாஸ்மாக்கேதான், ஏசியும் தரை விரிப்பும் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். 1936-ல் ஜான்ஸ்டவுன் நகரில் வெள்ளம் வந்தபோது நிவாரணத்துக்காகத் தற்காலிகமாக மதுவுக்கு 10% வரி போட்டார்கள். வெள்ளம் வடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. வரி 18% ஆகி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

டென்னசி மாநிலத்தின் மூர் கவுண்டியையும் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி) சொல்லியாக வேண்டும். ஜாக் டேனியல்ஸ் விஸ்கி காய்ச்சப்படும் லின்ச்பர்க் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கவுண்டியே மதுவிலக்குப் பகுதி. ஆலைக்கென்று தனிச் சலுகை கொடுத்து, அங்கே மட்டும் நினைவுப் பாட்டில் வாங்கிக்கொள்ள விட்டிருக்கிறார்கள்.

கடைகளின் எண்ணிக்கைக்கும் கடிவாளம் உண்டு. நியூ ஜெர்சியில் உட்கார்ந்து குடிக்கும் இடத்துக்கான உரிமம் 3,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கு. அதனால் பழைய உரிமம் கைமாறும்போது பல லட்சம் டாலர் வரை விலை போகிறது. அந்த மாநிலத்தின் எடிசன் ஊர்ப் பக்கம் நம் உணவகங்கள் பலவற்றில் வாடிக்கையாளரே பாட்டில் கொண்டுவந்து குடிப்பதன் ரகசியம் இதுதான். அதே நேரத்தில் துப்பாக்கி விற்பதற்கான ஃபெடரல் (அதாவது மத்திய அரசின்) உரிமத்துக்குக் கட்டணம் முதல் மூன்று வருடத்துக்கு 200 டாலர், அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை 90 டாலர். இத்தனை பேருக்கு இத்தனை கடை என்ற கணக்கு ஃபெடரல் சட்டத்தில் இல்லை. தகுதி இருந்தால் கொடுத்தாக வேண்டும். உரிமம் பெற்ற வியாபாரியின் கடையை வாரண்ட் இல்லாமல் வழக்கமான சோதனைக்காக வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் பார்க்கக் கூடாது என்று 1986-ஆம் வருடச் சட்டமே அதிகாரிகளின் கையைக் கட்டியிருக்கிறது. மதுக்கடைக்கோ எப்போது வேண்டுமானாலும் ஆள் வரலாம். 21 வயது ஆகாத பையனை அதிகாரிகளே அனுப்பி, ஐ.டி. கேட்கிறார்களா என்று பார்ப்பதும் நடக்கும். கேட்காமல் விற்றால் கல்லாவில் நின்றவருக்கும் தண்டனை, உரிமத்துக்கும் ஆபத்து.

இதுவரை படித்தால் மதுதான் நெருக்கடியில் இருக்கிறது என்று தோன்றும். இப்போது கவுண்டரின் இந்தப் பக்கம், வாங்குபவராக வந்து நில்லுங்கள்.

பீர் வாங்கப் போனால் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள், காசை வாங்குவார்கள், முடிந்தது. நேற்றுதான் சிறையிலிருந்து வந்தவரா, மனைவியை அடித்துக் கேஸ் வாங்கியவரா, குடித்துவிட்டுக் கார் ஓட்டி மூன்று முறை மாட்டியவரா என்று யாரும் கேட்பதில்லை. பெயரைக்கூட எழுதிவைப்பதில்லை.

துப்பாக்கிக் கடையில் 4473 என்ற படிவம் வரும். பெயர், முகவரி, பிறந்த ஊர், குடியுரிமை எல்லாம் எழுத வேண்டும். அப்புறம் ஆமாம்-இல்லை கேள்விகள் வரிசையாக வரும்: ஒரு வருடத்துக்கு மேல் சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரா, குடும்ப வன்முறையில் தண்டனை பெற்றவரா, நீதிமன்றத் தடை உத்தரவு இருக்கிறதா, மனநல மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவரா, போதைப்பொருள் பயன்படுத்துகிறவரா, சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவரா. தெரிந்தே பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம். கடைக்காரர் அந்த விவரங்களை எஃப்.பி.ஐ. நடத்தும் என்.ஐ.சி.எஸ். என்ற அமைப்புக்கோ மாநில அதிகாரிகளுக்கோ அனுப்புவார். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும்: போகலாம், கூடாது, அல்லது காத்திரு. 1993-ல் நிறைவேறிய பிரேடி சட்டத்தின் வழியாக 1998 நவம்பரில் வந்த ஏற்பாடு இது.

அந்தப் படிவத்தின் கேள்விகளில் என்னை எப்போதும் ஆச்சரியப்படுத்துவது, ‘இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?’ என்பதுதான். 2009-ல் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஆப்ரம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர், பென்சில்வேனியாவில் இருந்த தன் மாமாவுக்காக ஒரு கிளாக் துப்பாக்கி வாங்கினார். போலீஸ்காரர்களுக்கு விலையில் தள்ளுபடி உண்டு என்பதுதான் காரணம். மாமாவும் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவர்தான். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. ஆனால் மாமா முன்கூட்டியே பணம் அனுப்பியிருந்தார், இவர் படிவத்தில் ‘ஆமாம், நான்தான் வாங்குகிறேன்’ என்று குறித்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தண்டனை உறுதியானது. மாமாவுக்கு இரண்டு பாட்டில் விஸ்கி வாங்கிக் கொடுத்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு கேள்வி கேட்கிற சட்டத்தில் ஓட்டையும் பெரிது. ஃபெடரல் சட்டப்படி இந்தச் சோதனை உரிமம் பெற்ற வியாபாரிக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரர் தன் சொந்தத் துப்பாக்கியை அதே மாநிலத்துக்காரரான உங்களுக்கு விற்றால் படிவமும் இல்லை, சோதனையும் இல்லை. வாங்குபவர் தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தோ சந்தேகப்பட்டோ விற்கக் கூடாது, அவ்வளவுதான். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் இதைத் தங்கள் சட்டத்தால் அடைத்திருக்கின்றன. டெக்சாஸ் அடைக்கவில்லை. இன்னொன்று, ‘காத்திரு’ என்று பதில் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் முடிவு தெரியாவிட்டால், கடைக்காரர் விரும்பினால் விற்கலாம். 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றவன் கைக்குத் துப்பாக்கி போனது இப்படித்தான். 2022-ல் வந்த சட்டம் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அவகாசத்தைப் பத்து வேலை நாள் வரை நீட்ட வழி செய்திருக்கிறது.

அடுத்தது பதிவு. விற்றாயிற்று, அப்புறம் அந்தத் துப்பாக்கி யாரிடம் இருக்கிறது என்று அரசுக்குத் தெரியுமா? தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்பதே சட்டம். துப்பாக்கிகளின் தேசியப் பதிவேடு உருவாக்கக் கூடாது என்று 1986-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. சோதனையில் தேறியவரின் விவரத்தை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். 4473 படிவம் கடைக்காரரிடமே இருக்கும். கொலை நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஃபெடரல் மையத்திலிருந்து முதலில் தயாரிப்பாளரைக் கேட்பார்கள். அவர் மொத்த வியாபாரியைக் காட்டுவார், மொத்த வியாபாரி கடையைக் காட்டுவார், கடைக்காரர் பழைய கட்டைப் புரட்டிப் பெயரைச் சொல்லுவார். கடையை மூடிவிட்டுப் போனவர்களின் படிவங்கள் பெட்டி பெட்டியாக அந்த மையத்துக்கு வந்து சேரும். அவற்றை ஸ்கேன் செய்து வெறும் படமாக வைத்திருக்கிறார்கள். பெயரைத் தட்டித் தேட முடியாது, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டும். தொழில்நுட்பம் போதாமல் இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் விரும்பினார்கள்.

இதே நாட்டில் கலிஃபோர்னியா, வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற மாநிலங்களில் விருந்துக்குப் பீப்பாய் பீர் வாங்கினால் பீப்பாயில் எண் ஒட்டி, வாங்கியவர் விவரத்தைப் பதிந்துகொள்வார்கள். விருந்தில் சின்னப் பசங்கள் குடித்தால் பீப்பாயை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்பது கணக்கு. பீப்பாய்க்குப் பதிவேடு வைத்தால் யாரும் கோபப்படுவதில்லை.

சரி, ஏன் இப்படி? மது என்றால் மாநிலத்துக்கு முழு அதிகாரம். துப்பாக்கி என்றால் 1791-ல் சாசனத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் குறுக்கே நிற்கிறது. ஆயுதம் வைத்திருப்பது தனிமனிதனின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில் சொன்னது 2008-ல்தான். 2022-ல் புரூயென் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் அது நாட்டின் பழைய வரலாற்று மரபோடு பொருந்துகிறது என்று அரசுதான் காட்ட வேண்டும் என்றது. ஞாயிற்றுக்கிழமை விஸ்கி விற்காதே என்று சொல்ல எந்த மரபையும் காட்டத் தேவையில்லை. சட்டமன்றத்தில் பெரும்பான்மை போதும்.

வயது விஷயத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 1971-ல் ஓட்டுரிமை வயது 18 ஆனதும் பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் இறக்கின. விபத்துகள் கூடின. வயது குறைவான பக்கத்து மாநிலத்துக்குக் காரில் போய்க் குடித்துவிட்டுத் திரும்பும்போது இளைஞர்கள் செத்தார்கள். குடிபோதை விபத்துக்கு எதிரான தாய்மார்கள் அமைப்பு 1980-ல் தொடங்கி விடாமல் போராடியது. 1984-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், ‘வயதை 21 ஆக்கு’ என்று உத்தரவிடவில்லை. ஆக்காவிட்டால் மாநிலத்துக்குத் தரும் நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வோம் என்றது. தெற்கு டகோடா மாநிலம் கோர்ட்டுக்குப் போய் 1987-ல் தோற்றது. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் 21-க்கு வந்துவிட்டன. இத்தனைக்கும் டெக்சாஸில் அப்பாவோ அம்மாவோ கண்ணெதிரே இருந்தால் 21 ஆகாத பிள்ளை குடிக்கலாம். பலருக்கு இது தெரியாது.

துப்பாக்கியின் வயதுக் கணக்கு 1968-ஆம் வருடச் சட்டத்திலிருந்து வருகிறது. கென்னடியைக் கொன்ற ரைஃபிள், சிகாகோ கடை ஒன்றிலிருந்து பொய்ப் பெயரில் தபாலில் வரவழைத்தது. தொலைநோக்கியோடு விலை 19 டாலர் 95 சென்ட். அந்தக் கொலையும், 1968-ல் மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி கொலைகளும் சேர்ந்துதான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தன. உரிமம் உள்ள கடையில் கைத்துப்பாக்கிக்கு 21, ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் 18. அந்தக் காலத்தில் தெருக்குற்றம் என்றால் கைத்துப்பாக்கி, நீளத் துப்பாக்கி என்றால் மான் வேட்டை என்ற நினைப்பு. ஏஆர்-15 வகை ரைஃபிள் பள்ளிக்கூடத்துக்குள் வரும் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. 2022-ல் டெக்சாஸின் யுவால்டி ஊர்ப் பள்ளியில் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியர்களையும் கொன்றவன், 18 வயது முடிந்த சில நாட்களில் சட்டப்படியே இரண்டு ரைஃபிள் வாங்கியிருந்தான். அன்று அவனுக்கு ஒரு பீர் விற்றிருந்தால் கடைக்காரர்மீது வழக்கு வந்திருக்கும். ஃபுளோரிடா 2018-ல் பார்க்லேண்ட் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு எல்லாத் துப்பாக்கிக்கும் 21 என்று ஆக்கியது. டெக்சாஸ் ஆக்கவில்லை. போதாக்குறைக்கு 2025 ஜனவரியில் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், 18 முதல் 20 வயதினருக்குக் கடையில் கைத்துப்பாக்கி விற்கத் தடை போட்டதே சாசனத்துக்கு விரோதம் என்றது. அதே வருடம் நான்காவது சர்க்யூட் அந்தத் தடை செல்லும் என்றது. அதாவது துப்பாக்கி வயது கீழே இறங்கவும் வாய்ப்பு இருக்கிறது. பீர் வயதை அப்படி யாராலும் கோர்ட்டுக்கு இழுத்துக் கீழே இறக்க முடியாது.

இந்த இரண்டு சரக்கையும் சேர்த்துக் கட்டிய முடிச்சும் மதுவிலக்கில்தான் இருக்கிறது. கள்ளச்சாராயக் கும்பல்கள் இயந்திரத் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதைப் பார்த்துத்தான் 1934-ல் முதல் பெரிய ஃபெடரல் துப்பாக்கிச் சட்டம் வந்தது. தடை போடத் தயங்கி, இயந்திரத் துப்பாக்கி, நீளம் குறைத்த ஷாட்கன், சத்தம் குறைக்கும் குழாய் ஒவ்வொன்றுக்கும் 200 டாலர் வரி போட்டார்கள். அன்று அது மலைக்க வைக்கும் தொகை. சத்தக் குழாய் போன்றவற்றுக்கு 2026 ஜனவரியிலிருந்து அந்த வரியையும் எடுத்துவிட்டார்கள். கருவூலத்தில் சாராய வரி வசூலித்தவர்களின் வாரிசாக வந்த துறைதான், மது, புகையிலை, துப்பாக்கி மூன்றையும் பெயரில் வைத்திருக்கும் ஏடிஎஃப். 2003-ல் அதை உடைத்து, துப்பாக்கிக் குற்றங்களைப் பார்ப்பவர்களை நீதித்துறைக்கு அனுப்பிவிட்டு, மது வரிக்காரர்களைக் கருவூலத்திலேயே வைத்துக்கொண்டார்கள். துப்பாக்கி, தோட்டாமீதான உற்பத்தி வரியை இன்றும் வசூலிப்பது அந்த மது வரி அலுவலகம்தான்.

வீட்டில் செய்வது இன்னும் விநோதம். வீட்டிலேயே சொந்த உபயோகத்துக்குத் துப்பாக்கி செய்துகொள்வது ஃபெடரல் சட்டப்படி குற்றம் இல்லை. தடை செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது, சில வகைகளைத் தொடக் கூடாது. வீட்டில் பீர் வடிக்கலாம், அதற்கான சட்டத்தில் 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். சாராயம் காய்ச்சினால் மட்டும் ஐந்து வருடம் வரை சிறை என்று ஃபெடரல் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அது செல்லாது என்று 2024-ல் டெக்சாஸில் ஒரு ஃபெடரல் நீதிபதி சொன்னார். அந்தத் தீர்ப்பு கொடுத்த பாதுகாப்பு வழக்குப் போட்டவர்கள் வரைக்கும்தான்.

விற்றதற்கு அப்புறம் யார் பொறுப்பு என்ற கேள்வியில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஏற்கெனவே தள்ளாடுகிறவருக்கு இன்னொரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்து, அவர் வண்டியை எடுத்து யாரையாவது கொன்றுவிட்டால், பல மாநிலங்களில் பார்மீது நஷ்டஈடு வழக்குப் போடலாம். டெக்சாஸிலும் உண்டு. அந்தப் பயம்தான் பார் ஊழியர்களை ‘உங்களுக்குப் போதும், டாக்சி கூப்பிடட்டுமா’ என்று கேட்க வைக்கிறது. துப்பாக்கித் தயாரிப்பாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் 2005-ல் நாடாளுமன்றமே ஒரு கவசம் மாட்டிவிட்டது. பிறர் செய்த குற்றத்துக்காக அவர்கள்மீது பெரும்பாலும் வழக்குப் போட முடியாது. தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தே விற்பது போன்ற விதிவிலக்குகள் இருக்கின்றன. சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலையில் பலியான சிலரின் குடும்பத்தார், துப்பாக்கியை விளம்பரம் செய்த விதத்தைப் பிடித்துக்கொண்டு போராடி, 2022-ல் அதைத் தயாரித்த ரெமிங்டனின் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து 7.3 கோடி டாலர் பெற்றார்கள். மெக்சிகோ அரசு போட்ட வழக்கை 2025-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளிவிட்டது. மது பாட்டிலில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம், 1988-ல் சட்டம் போட்டார்கள். நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் டோஸ்டரைத் திரும்பப் பெறச் சொல்லலாம், துப்பாக்கியைத் தொடக் கூடாது.

என் கருத்தைக் கேட்டால், துப்பாக்கிச் சட்டத்தில் கண்ணை உறுத்துவது வயதுகூட இல்லை, மதுவைப் பற்றிய மௌனம்தான். கஞ்சா பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வாங்கக் கூடாது. உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரியாக இருந்தாலும் ஃபெடரல் சட்டத்தில் செல்லாது என்று 4473 படிவமே எச்சரிக்கிறது. தினமும் ஒரு முழு பாட்டில் காலி செய்கிறவரைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியும் இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிய சாதாரண கேஸும் ஃபெடரல் சட்டத்தில் தடை ஆகாது. பென்சில்வேனியா மட்டும் கொஞ்சம் யோசித்திருக்கிறது: ஐந்து வருடத்துக்குள் மூன்று முறை அப்படித் தண்டனை பெற்றவர் அங்கே துப்பாக்கி வாங்க முடியாது. மறுபக்கம் யூட்டா, மதுச் சட்டத்தை ஆள் பக்கம் திருப்பியிருக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து, மிதமிஞ்சிக் குடித்து வண்டி ஓட்டித் தண்டனை பெற்று, குடிக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தவரின் ஓட்டுநர் உரிமத்தில், இவருக்கு மது விற்கக் கூடாது என்று சிவப்புப் பட்டை வரும். கடைக்காரர் நரைத்த தலையைப் பார்த்தாலும் ஐ.டி. கேட்டாக வேண்டும். கலிஃபோர்னியாவோ நேரத்தைத் துப்பாக்கிப் பக்கம் கொண்டுபோயிருக்கிறது: காசு கொடுத்த பிறகும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை என்பதை நினைத்தால் அந்தப் பத்து நாளின் அருமை தெரியும். மதுவால் வரும் சாவு வருடத்துக்கு 1,78,000 வரை என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்குச் சொல்கிறது. துப்பாக்கியால் 2022-ல் சுமார் 48,000. ஆக, வாங்குபவரை ஒன்றுமே கேட்காத சரக்குதான் அதிகம் பேரைக் கொல்கிறது, மெதுவாக.

கடைசியாக, இதைப் படிக்கும் நம்மவர்களில் பலர் எச்-1பி விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பீர்கள். உங்களைப் பொறுத்தவரை பீர்தான் சுலபம், சந்தேகமே வேண்டாம். பாஸ்போர்ட்டில் 21 வயது தெரிந்தால் போதும். குடியேறாத விசாவில் வந்தவர் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்பது ஃபெடரல் சட்டம். நண்பர்களோடு சுடும் மைதானத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் படம் போடுவதும் இதில் அடங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மாட்டினால் துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தலுக்கே காரணமாகலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானாலும் தீர்ப்புக்கு முன்பே விசா முத்திரையை ரத்து செய்கிறார்கள், அதையும் மறக்க வேண்டாம். கிரீன் கார்டு வந்துவிட்டால் துப்பாக்கித் தடை போய்விடும். அதற்கு முன்பு முக்கியமான விதிவிலக்கு, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். டெக்சாஸில் அதையும் வால்மார்ட்டின் அதே விளையாட்டுச் சாமான் கவுண்டரில் வாங்கலாம். வழக்கமான உரிமம் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடியும். புதுப்பிக்க மறந்துவிட்டு செப்டம்பர் 1-ஆம் தேதி துப்பாக்கியை வீட்டில் வைத்திருந்தால் அந்த விதிவிலக்கு உங்களைக் காப்பாற்றாது. யாராவது ‘ஒரு லைசென்ஸ் எடுத்தால் போதும்’ என்று சொன்னால், முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.